ராஜபார்ட்டுக்குச் சொல்ல மறந்த ஊர்

இந்தச் சீசனில் புதிதாக நாடக மேடைக்கு வந்திருக்கும் பிள்ளைகளில் ஒருத்தி நம் டோலக்குக்காரரிடம் போய், "ரிகர்சல் என்னைக்குண்ணே, எங்க வரணும்?" என்று கேட்டாளாம். அவர் சிரித்துப் புரையேறி, அதோடு விடாமல் எனக்கும் போன் போட்டுச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. நியாயமான கேள்விதானே அது? அவளுக்கு யாராவது பதில் சொல்லியிருக்க வேண்டும். முழங்கால் தேய்ந்து விளாங்குடியில் வீட்டோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு வேறு என்ன வேலை, நானே சொல்லிவிடுகிறேன்.

ரிகர்சல் கிடையாது, கண்ணுகளா. ராஜா வேடம் கட்டும் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார். பபூன் வேறொரு ஊரில் பஸ் ஏறுவார். ஆர்மோனியக்காரர் முந்தின நாள் நாடகத்தை முடித்துவிட்டு வேனிலேயே தூங்கி வந்து இறங்குவார். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசித் தேதி வாங்கியிருப்பார்கள். கதையும் பாட்டும் எல்லோருக்கும் பாடம். தர்க்கம் மட்டும் எவருக்கும் பாடமில்லை. ராஜாவும் இளவரசியும் நேருக்கு நேர் நின்று பாட்டாலும் பேச்சாலும் ஒருவரை ஒருவர் மடக்கும் அந்தக் கட்டத்துக்காகத்தான் ஜனம் பாயும் தலையணையுமாக வந்து உட்காருகிறது. அதை இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு வந்தால், முதல் வரிசையில் இருப்பவருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

அப்புறம் எதைத்தான் பழகுவது? கேட்கப் பழகுங்கள். எதிரே நிற்கிறவர் வாயிலிருந்து விழும் சொல்லைத் தரையில் விழாமல் பிடிக்கப் பழகுங்கள். இதை யாரும் என்னை உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஒருத்தரை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றதில் வந்தது. சோழவந்தான் அக்கா என்று அவரைச் சொல்வோம். நம் தொழிலில் ஊர்தானே பெயர். என்னை விளாங்குடி என்றுதான் கூப்பிட்டார்கள். அக்கா கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் கூலி வேலையிலிருந்து வந்தவர். முதலில் டான்ஸ் ஆடினார், பிறகு தோழி வேடம், அதற்கப்புறம் கதாநாயகியாக ஸ்திரீபார்ட். நாடகக்காரிக்கு வாடகைக்கு வீடு தர மாட்டோம் என்று மதுரையில் கதவைச் சாத்திய தெருவிலேயே பின்னால் அவர் பாட்டை ஸ்பீக்கர் கட்டிப் போட்டார்கள். அதைச் சொல்லிச் சொல்லி அக்கா சிரிப்பார்.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒருமுறை எங்கள் ராஜபார்ட், ஓய்வில்லாமல் ஊர் ஊராக நடித்த அலுப்பில், முந்தின நாள் ஆடிய வேறு நாடகத்தின் வசனத்தை எங்கள் மேடையில் ஆரம்பித்துவிட்டார். எங்கள் கதையில் அது நந்தவனம். இவரோ போர்க்களத்தில் செத்துக் கிடக்கும் தம்பியைப் பார்த்துக் கதறுகிறார். எங்கள் கதையில் ராஜாவுக்குத் தம்பியே கிடையாது. தோழியாகப் பக்கத்தில் நின்ற நான் அக்காவைப் பார்த்தேன். ஆர்மோனியம் அப்படியே நின்றுவிட்டது. அக்கா அந்த அழுகையைக் கொஞ்ச நேரம் நிதானமாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "மன்னா, மாண்டுபோன தம்பிக்காக அடுத்தவர் தோட்டத்தில் வந்து அழுகிறீரே, உமது அரண்மனையில் அழுவதற்கு இடமில்லையா?"

அவ்வளவுதான். ராஜபார்ட்டுக்குத் தூக்கம் தெளிந்தது. ஜனம் கைதட்டியது. அதன்பிறகு இல்லாத அந்தத் தம்பியை யாராலும் கதையிலிருந்து எடுக்க முடியவில்லை. பபூன்கூட அவனுக்கு ஒரு ஒப்பாரி வைத்தார். முன்வரிசையில் ஒரு கிழவி நிஜமாகவே மூக்கைச் சிந்தினாள். மேடையில் ஒருவர் சொல்லிவிட்ட சொல்லை இல்லையென்று சொல்லக் கூடாது, ஆமென்று வாங்கி நடத்திக்கொண்டு போக வேண்டும் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அக்காவுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு. ஆபரேஷன் செய்தால் குரல் பழையபடி வருமென்று உறுதி சொல்ல முடியாது, செய்யாவிட்டால் உயிருக்கே உறுதியில்லை என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். செய்துகொண்டார். குரல் வரத்தான் செய்தது, ஆனால் இறங்கி வந்தது. ஐந்து கட்டைச் சுருதியில் அலட்டாமல் பாடிய தொண்டை மூன்று கட்டைக்கு மேல் ஏற மறுத்தது. ஏற்றினால் பட்டென்று அறுந்தது.

நம் ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே. "அந்தம்மாவுக்குக் குரல் போச்சாம்" என்ற பேச்சு அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்வதற்கு முன்னாலேயே எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. தேதி கேட்டு ஒரு போன் வரவில்லை. நான் பார்க்கப் போனபோதெல்லாம் கொல்லையில் நின்று மெல்ல ஏற்றி ஏற்றிப் பாடிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே இடத்தில் அறும். திரும்ப ஆரம்பிப்பார். அந்தச் சீசன் முழுக்க அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு தேதி. அதில் நின்று பாடிவிட்டால் தொழில் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இது அக்காவுக்கும் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எனக்குத் தெரியாதது ஒன்றுதான். அதே ஊர், அதே தேதிக்கு, அதற்குள் ஸ்திரீபார்ட் கட்ட ஆரம்பித்திருந்த என்னையும் பேசியிருந்தார்கள்.

கப்பலூர் கம்பெனிகளைத் தாண்டி உள்ளே போகிற ஒரு ஊர். ராத்திரி பத்து மணிக்கு மேல் மைக்குக்குப் போலீஸ் அனுமதி இல்லை என்பதால் சாயங்காலம் நாலரைக்கே நாடகம் வைத்திருந்தார்கள். நான் ஆட்டோவில் போய் இறங்குகிறேன், ஊர் வளைவுக்கு மேற்கே என் படம் போட்ட பிளெக்ஸ், கிழக்கே அக்கா படம் போட்ட பிளெக்ஸ். இரண்டிலும் ஸ்திரீபார்ட் என்றே எழுதியிருந்தது. மேலத் தெருவும் கீழத் தெருவும் திருவிழாவைச் சேர்ந்துதான் நடத்துவார்கள், ஆனால் ஒருவர் வாயைத் திறந்தால் இன்னொருவர் காதைப் பொத்திக்கொள்வார்கள். மேலத் தெரு என்னைப் பேசியிருக்கிறது, கீழத் தெரு அக்காவை. மேக்கப் அறை என்று ஒதுக்கியிருந்த பள்ளிக்கூட வகுப்பறையில் அக்கா வெந்நீர் பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன்.

இரண்டு ஸ்திரீபார்ட் வந்து நிற்பது நம் தொழிலில் பெரிய விஷயமில்லை. முன்பாதிக்கு ஒருத்தி, பின்பாதிக்கு ஒருத்தி என்று பிரித்துக்கொள்ளலாம். அப்படித்தான் பேச ஆரம்பித்தார்கள். அப்போதுதான் எங்கள் ஆர்மோனிய அண்ணன், "அதெல்லாம் சரி, ராஜபார்ட்டு யாருப்பா?" என்று கேட்டார்.

கீழத் தெருப் பெரியவர் மேலத் தெருப் பெரியவரைப் பார்த்தார். "ராஜபார்ட்ட நீங்க பேசிட்டீகன்னுல்ல நாங்க இருந்தோம்" என்றார். "நாங்க அதத்தான் உங்ககிட்டக் கேக்கணும்னு இருந்தோம்" என்றார் இவர். ஆர்மோனிய அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இளவரசி இரண்டு பேர் இருக்கிறோம், ராஜா இல்லை.

போன் மேல் போன் பறந்தது. திருவிழா மாதத்தில் எந்த ராஜபார்ட் சும்மா இருப்பார்? வெளியே ஜனம் நிறைந்துவிட்டது. கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள், போனில் லைவ் போடும் பசங்கள் எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கமிட்டியில் ஒருவர், அக்கா காதில் விழும்படியே, ஒரு யோசனை சொன்னார். ஆபரேஷன் பண்ணின அம்மாவை அனுப்பிவிடலாம், இந்தப் பிள்ளை நாலு பாட்டுப் பாடட்டும், மீதி நேரத்துக்குப் பபூனும் டான்ஸும் போதும் என்றார். எனக்கு வந்த கோபத்தில் பவுடர் டப்பாவைத் தூக்கி அவர் மேல் எறிந்திருப்பேன். அக்கா வெந்நீரை ஒரு வாய் குடித்தார். மூடியைத் திருகி வைத்தார்.

"ராஜபார்ட்டு நான் கட்டுறேன்" என்றார்.

ஆர்மோனிய அண்ணன் மெதுவாகக் கேட்டார். "தங்கச்சி, ராஜபார்ட்டுப் பாட்டு ஒண்ணாச்சும் பாடிருக்கியா?"

"பாடுனதில்லண்ணே. அத்தனையும் எதுத்தாப்ல நின்னு கேட்டுருக்கேன்."

பொம்பளை ராஜபார்ட்டா என்று கீழத் தெருப் பெரியவர் இழுத்தார். அக்கா அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. உங்களுக்குக் கொடுத்த தேதிக்கு வந்துவிட்டேன், வேடம் எது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். மேலத் தெருவுக்கு ஒரு இளவரசி, கீழத் தெருவுக்கு ஒரு ராஜா என்று கணக்கு நேரானதும் இரு தெருவுக்கும் ஆட்சேபம் போய்விட்டது. மேலத் தெருவிலிருந்து ஒரு பட்டு வேட்டி வந்தது. தாங்கள் மட்டும் சளைத்தவர்களா என்று கீழத் தெரு ஒரு சரிகை அங்கவஸ்திரம் கொண்டுவந்தது. கிரீடம், சீன் படுதா கட்டுகிறவரிடம் இருந்தது. மீசையை அக்கா புருவ மையாலேயே வரைந்துகொண்டார்.

மற்றவர்கள் வெளியே போனதும் நான் அக்காவிடம் மனசைத் திறந்து கேட்டேன். இவ்வளவு கூட்டத்தின் முன்னால் குரல் அறுந்துவிட்டால் என்ன செய்வது, நான் வேண்டுமானால் தர்க்கத்தைச் சுருக்கி முடித்துவிடட்டுமா என்றேன். அவர் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது புள்ள. நீ ஒண்ணு மட்டும் செய்யி. எனக்காகத் தர்க்கத்துல விட்டுக்குடுத்தேன்னு வையி, அப்புறம் என் மூஞ்சில முழிக்காத."

மேடையில் வெயில் இன்னும் இருந்தது. ராத்திரி விளக்கு என்றால் பவுடரும் மையும் எத்தனையோ மறைத்துக் கொடுக்கும். சாயங்கால வெயில் எதையும் மறைக்காது. அக்கா நடந்து வந்ததும் ஜனத்துக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட நடை தெரியுமா அது. தோளை விரித்து, ஒவ்வொரு அடியையும் அளந்து வைத்து வந்தார். எந்த ராஜபார்ட்டைப் பார்த்து எடுத்தது என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. கொஞ்சம் விசில் பறந்தது, கொஞ்சம் சிரிப்பும் கேட்டது.

நந்தவனத்தில் தர்க்கம் ஆரம்பித்தது. முதல் பாட்டு ராஜாவுடையது. பழக்க தோஷத்தில் ஆர்மோனிய அண்ணன் ராஜபார்ட்டுகளுக்கு வைக்கும் உயரத்திலேயே சுருதி வைத்துவிட்டார். அக்கா பாடினார். முதல் அடி நின்றது. இரண்டாவது அடியில் மேலே ஏறினார், அதே இடத்தில், கொல்லையில் அறுந்த அதே இடத்தில், குரல் அறுந்தது. மைக்கில் வெறும் காற்று கேட்டது. பின்னாலிருந்து ஒருவன் ஏதோ கத்த, பத்துப் பேர் சிரித்தார்கள். ஆர்மோனிய அண்ணன் என்னைப் பார்க்கிறார். அடுத்த சொல் என்னுடையது.

பிள்ளைகளா, இந்த இடத்தில் உங்களை நிறுத்திப் பாருங்கள். நான் அந்தப் பாட்டை எடுத்துப் பாடி மூடியிருக்கலாம். வேறு பேச்சுக்குத் தாவியிருக்கலாம். இரண்டும் இரக்கம்தான். ஆயிரம் பேர் முன்னால் ஒரு கலைஞருக்குக் காட்டும் இரக்கம் அவர் கதையை அதோடு முடித்துவிடும். எதிராளி சறுக்கினால் அந்த இடத்தைப் பிடிப்பதுதான் தர்க்கத்தின் முறை. ஜனத்துக்கும் அது தெரியும். நான் பிடிக்காவிட்டால் ஏன் பிடிக்கவில்லை என்பதும் தெரிந்துவிடும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"நாட்டை ஆளும் ராஜாவுக்கு ஒரு பாட்டை ஆளத் தெரியவில்லையே. ஏறிவிட்டு இறங்க வழி தெரியாமல் நிற்கிறீரே, என்ன ஆயிற்று உமது தொண்டைக்கு?"

நாடகக்காரர்கள் சங்கத்திலும் டீக்கடையிலும் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் பேசியதை நான் மேடையில் அவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கண்ணில் கோபம் இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. கழுத்தைச் சுற்றியிருந்த அங்கவஸ்திரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். ஆபரேஷன் தழும்பு குறுக்கே ஓடியது. மேற்கு வெயில் அதன் மேலேயே விழுந்தது.

"இளவரசி, இது கத்தி பட்ட கழுத்து. பழைய பாட்டைக் கேட்க வந்தவர்கள் எழுந்து போகலாம். இருக்கிற பாட்டைக் கேட்பவர்கள் உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டு ஆர்மோனியத்தின் பக்கம் திரும்பினார். "மந்திரி, சுருதியை இறக்கும்."

ஆர்மோனிய அண்ணன், "உத்தரவு மன்னா" என்றார். இறக்கினார். ஜனத்தில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

அக்கா மறுபடி முதலிலிருந்து பாடினார். எத்தனையோ ராஜபார்ட்டுகளோடு நின்றிருக்கிறேன், எத்தனையோ குரல் கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்றை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கனத்த குரல். அவசரமே இல்லை. உயரத்துக்குப் போகத் துடிக்காமல் கீழேயே நின்று ஒவ்வொரு சொல்லையும் முழுசாக எடுத்து வைத்தது. இத்தனை மாதமும் அவர் தேடிக்கொண்டிருந்தது மேலே. குரல் கீழே இருந்திருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மேடையில் நிற்கிறோம், அடுத்துப் பாட வேண்டும் என்பதெல்லாம் மறந்து கேட்டுக்கொண்டு நின்றேன். டோலக் தட்டித்தான் எனக்கு நினைவு வந்தது.

என் முறை வந்தபோது அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணால் கேட்டார், இதே சுருதியா, உன் சுருதியா என்று. ஐந்துக்கு ஏற்றச் சொல்லி விரலைக் காட்டினேன். முழுத் தொண்டையைத் திறந்து பாடினேன். மேலத் தெரு ஆர்ப்பரித்தது. அக்கா அசரவில்லை. என் பாட்டின் கடைசிச் சொல்லைப் பிடித்து, அதையே தன் பாட்டின் முதல் சொல்லாக்கிக் கீழிருந்து ஆரம்பித்தார். கீழத் தெரு எழுந்து நின்றது. நான் என்ன விட்டாலும் பிடித்தார். பூவைச் சொன்னால் வேரைச் சொல்லி மடக்கினார். கொஞ்ச நேரத்தில் எந்தத் தெரு யாருக்குக் கைதட்டுகிறது என்பதே புரியவில்லை. பொழுது விழுந்து விளக்குப் போட்டதை நான் கவனிக்கவில்லை. கதைப்படி முடிவில் இளவரசி ராஜாவிடம் மனசைப் பறிகொடுக்க வேண்டும். அன்றைக்கு அதற்கு எனக்கு நடிப்பு தேவைப்படவில்லை.

நாடகம் முடிந்து வகுப்பறையில் அக்கா கிரீடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கீழத் தெருப் பெரியவர், அடுத்த தேதி பேசிவிட, வெற்றிலைத் தட்டோடு வந்தார். பொம்பளை ராஜபார்ட்டா என்று இழுத்தவர்தான். இன்றைக்கு ஏதோ அவசரத்துக்கு இப்படி ஆகிவிட்டது, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம், அடுத்த வருஷமும் எங்கள் தெருவுக்கு நீதான் ஸ்திரீபார்ட் ஆத்தா என்று ஆறுதலாகச் சொன்னார்.

அக்கா தட்டைத் தொடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருஷம் கட்டிய வேடம் அது.

"இல்லண்ணே. பிளெக்ஸுல ராஜபார்ட்டுன்னு போடுங்க" என்றார். பிறகுதான் தட்டை வாங்கினார்.

இருவரும் ஒரே காரில் திரும்பினோம். என்னை விளாங்குடியில் இறக்கிவிட்டு அவர் சோழவந்தான் போக வேண்டும். கப்பலூர் வரைக்கும் அக்கா மீசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஏ புள்ள" என்றார் திடீரென்று. "இம்புட்டு வருசமும் நான் இளவரசி நிக்கிற பக்கமேதான நின்னேன். எதுத்தாப்ல நிக்கிறவன் என்னத்தப் பாக்குறான்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. கழுத்தச் சாச்சு நிக்கிற, கண்ணாலயே பேசுற. அம்புட்டு அழகா இருந்தடி." பிறகு கேட்டார், "நானும் அங்க அப்படித்தான் நின்னேனா?"

"நீங்க இன்னைக்குப் பாத்தது உங்களத்தான்க்கா" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்தவர் விளாங்குடி வரும்வரை விடவில்லை.